வாரிய உறுப்பினர் தெரிந்தவர், முன்கூட்டியே பேசிவிடலாமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் தெருமுனை மனையில் எங்கள் வீடு இருக்கிறது. எங்களோடு வந்து தங்கியிருக்கும் மாமியாரால் மாடி ஏற முடியவில்லை. கீழே ஓர் அறை சேர்த்துக் கட்ட அனுமதி கேட்டோம். பக்கத் தெருவையும் வீட்டின் முன்பக்கமாகக் கணக்கிட்டு, தெருவுக்கும் கட்டடத்துக்கும் நடுவே விட வேண்டிய இடைவெளியில் 4 அடி குறைகிறது என்று சோனிங் அதிகாரி (எந்த மனையில் எதை எப்படிக் கட்டலாம் என்ற ஊர் விதிகளைப் பார்ப்பவர்) மறுத்துவிட்டார். கடிதம் வந்து 11 நாட்கள் ஆகின்றன. மேல்முறையீட்டை விசாரிக்கும் சோனிங் போர்டில் ஒருவர் என் கணவருக்குப் பழக்கமானவர். அவரிடம் முதலில் பேசிவிடலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. அந்த ஒரு பேச்சே உங்கள் வழக்கைக் கெடுத்துவிடும்.

சோனிங் போர்டில் 7 உறுப்பினர்கள். கூடவே 4 மாற்று உறுப்பினர்கள்வரை இருக்கலாம். பெரும்பாலும் சம்பளம் வாங்காமல், வேலை முடிந்த மாலைகளில் வந்து உட்காரும் உள்ளூர்க்காரர்கள். ஆனாலும் அங்கே அவர்கள் நீதிபதியின் இடத்தில் இருக்கிறார்கள். சத்தியப் பிரமாணம் செய்துதான் சாட்சி சொல்ல வேண்டும். ஒவ்வொரு சொல்லும் பதிவாகும். தனியே பேசினால் அவர் விலக நேரிடும். ஆட்சேபிக்கும் பக்கத்து வீட்டுக்காரர் அதையே காட்டி, உங்களுக்குச் சாதகமான முடிவையும் நீதிமன்றத்தில் உடைக்கலாம். பழக்கம் உண்டு என்பதைப் போர்டின் செயலாளரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

இப்போது உங்களை நெருக்குவது நாள் கணக்கு. அதிகாரியின் முடிவை எதிர்க்க 20 நாட்கள்தான் அவகாசம். கடிதத்தில் உள்ள தேதியிலிருந்து எண்ணுங்கள். தபாலில் போன நாட்களையும் கழித்தால் ஒரு வாரம்கூட மிஞ்சாமல் போகலாம். காரணங்களை எழுதி, மேல்முறையீட்டு அறிவிப்பை அந்த அதிகாரியிடமே கொடுத்து, தேதி முத்திரையுடன் நகல் வாங்குங்கள்.

மனுவில் இரண்டு வாதங்களை வையுங்கள். முதலாவது, அதிகாரி விதியைத் தவறாகப் படித்தார் என்பது. பல ஊர்களில் தெருமுனை மனைக்கு இரண்டு முன்பக்கம் உண்டு. ஆகவே உங்கள் ஊர் விதியை வரி வரியாகப் பார்த்த பிறகே இதை எழுதுங்கள். இரண்டாவது, அவர் படித்தது சரியென்றாலும் எங்களுக்கு விதிவிலக்கு தாருங்கள் என்பது. 20 நாட்கள் தவறினாலும் இந்த இரண்டாவது வழி மூடாது.

விதிவிலக்கில்தான் நம்மவர்கள் பலர் சறுக்குகிறார்கள். மாமியாரின் முழங்கால் வலியைக் கேட்டு உறுப்பினர்கள் மனம் இளகலாம்; ஆனால் சட்டம் பார்ப்பது மனையின் கஷ்டத்தை. மனை குறுகலா, கோணலா, சரிவா, வேறு பக்கம் கட்ட ஏன் இடமில்லை என்பதை சர்வே வரைபடத்திலும் புகைப்படங்களிலும் காட்டுங்கள். அறை எழப்போகும் இடத்தில் மூலைக்கு ஒரு குச்சி நட்டு, சிவப்பு நாடா கட்டிப் படம் எடுங்கள். அக்கம்பக்கத்துக்குக் கெடுதல் இல்லை, ஊரின் திட்டமும் கெடாது என்பதையும் நீங்கள்தான் நிறுவ வேண்டும். இடைவெளிக் குறைவுக்குப் பெரும்பான்மை வாக்கு போதும். வீட்டைக் கடையாக்குவது போன்ற பயன்பாட்டு மாற்றத்துக்குத்தான் 5 வாக்குகள் வேண்டும்.

விதிவிலக்கு கேட்பதால், 200 அடிக்குள் உள்ள மனை உரிமையாளர்கள் அனைவருக்கும் விசாரணைக்குக் குறைந்தது 10 நாட்கள் முன்பே அறிவிப்புப் போக வேண்டும். பொது அறிவிப்பாகவும் வெளியாக வேண்டும். நகராட்சி தரும் சான்றிட்ட பட்டியலை வைத்தே அனுப்புங்கள். ஒரு பெயர் விடுபட்டாலும் விசாரணை தள்ளிப்போகலாம்.

போர்டு மறுத்தால், அந்த முடிவு பொது அறிவிப்பாக வெளியான நாளிலிருந்து 45 நாட்களுக்குள் மாநில நீதிமன்றமான சுப்பீரியர் கோர்ட்டுக்குப் போகலாம். ஆனால் அங்கே புதிதாகச் சாட்சி சொல்ல இடம் கிடைப்பது அரிது; நீதிபதி போர்டின் பதிவைத்தான் படிப்பார். அதனால் உங்கள் கணவர் அந்த நண்பரிடம் சொல்ல நினைத்ததையெல்லாம், விசாரணை மாலையில் மைக்கின் முன் நின்று சொல்லட்டும்.