சொந்தக்காரர்களோடு இசை லேபிள்: ஒப்பந்தம் தேவையா?

கோவை வாசகர் ஒருவர் கேட்கிறார்: "நான், தம்பி, மாமா மகள், கல்லூரி நண்பன் நாலு பேரும் சேர்ந்து எலக்ட்ரானிக் இசைக்குச் சின்னதாக ஒரு லேபிள் (இசை வெளியிடும் நிறுவனம்) தொடங்குகிறோம். ஆறு டிராக் தயார். எல்லாரும் நெருக்கமானவர்கள்தான். ஒப்பந்தம் எழுதத்தான் வேண்டுமா?"

எழுதத்தான் வேண்டும். முதல் டிராக்கைப் பதிவேற்றுவதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.

லண்டனில் 1978-ல் டேனியல் மில்லர் மியூட் ரெக்கார்ட்ஸ் என்ற லேபிளைத் தொடங்கியபோது, முதல் சிங்கிளின் உறையில் அச்சான முகவரி அவருடைய அம்மா வீடு. பின்னால் டெபேஷ் மோடு என்ற இசைக்குழுவோடு எழுத்து ஒப்பந்தமே இல்லாமல், லாபத்தில் பாதிக்குப் பாதி என்று பேசி, பல வருடம் ஓட்டினார். அந்தக் கணக்கு நல்ல கணக்கு: செலவு போக மிஞ்சுவதில் பாதி கலைஞருக்கு, பாதி லேபிளுக்கு. ஆனால் வாய்ப்பேச்சோடு நிறுத்துவது நமக்கு ஒத்துவராது.

காரணம், நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு. உரிமையை எழுதிக் கையெழுத்துப் போட்டு மாற்றினால்தான் செல்லும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் 5 வருடம்தான். எந்தெந்த நாடு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். ஸ்ட்ரீமிங்கில் உங்கள் டிராக்கைப் பெர்லினிலும் கேட்பார்கள், அதனால் 'உலகம் முழுவதும்' என்று மறக்காமல் எழுதுங்கள். முழு உரிமையையும் லேபிளுக்கு வாங்கிக்கொள்ளாதீர்கள். 5 அல்லது 7 வருடம் வெளியிட்டுக்கொள்ளும் அனுமதி, அதாவது உரிமம், போதும், அப்புறம் டிராக் அவரவரிடமே திரும்பட்டும்.

லேபிளில் யாருக்கு எவ்வளவு என்பது தனி விஷயம். 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் கூட்டாளிகளுக்கு லாபமும் நட்டமும் சம பங்கு. ராத்திரி பூராவும் மிக்ஸிங் செய்யும் தம்பிக்கும் அட்டைப்படம் மட்டும் வரைந்த நண்பனுக்கும் சமம் என்பதில் நாலு பேருக்கும் சம்மதமா என்று இப்போதே பேசிவிடுங்கள்.

டிராக்குக்கு ஒரு தாள் போடுங்கள். பேஸ்லைன் (அடிநாத மெட்டு) தம்பி, பீட் நண்பன், நடுவில் கொஞ்ச நேரம் வரும் ஹம்மிங் மாமா மகள் என்று வைத்துக்கொள்வோம். இசையமைப்பில் யாருக்கு எத்தனை சதவீதம், ஒலிப்பதிவில் எத்தனை என்று தனித்தனியாக எழுதி, தேதி போட்டு எல்லாரும் கையெழுத்திடுங்கள். 'நம்ம வீட்டுப் பெண்தானே' என்று ஹம்மிங்கை விட்டுவிடாதீர்கள். பாடியவருக்கும் சட்டத்தில் தனி உரிமை உண்டு.

டிராக்கை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு அனுப்பி, வரும் பணத்தை வாங்கித் தரும் விநியோகஸ்தரிடம் தொடங்கும் கணக்கை ஒருவருடைய சொந்தக் கைபேசி எண்ணில் தொடங்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் கணக்கு வைத்திருந்தவர் வெளிநாடு போனார், பழைய எண் முடங்கியது, ஓடிபி வரவில்லை, மூன்று மாதப் பணம் உள்ளேயே நின்றது. லேபிளுக்கென்று ஒரு மின்னஞ்சல், ஒரு சிம் வாங்கிவிடுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் கிடைக்கும் ஐஎஸ்ஆர்சி எண்ணையும் (அந்தப் பதிவை அடையாளம் காட்டும், எழுத்தும் இலக்கமுமாக 12 இடம் கொண்ட குறியீடு) குறித்து வையுங்கள். நாளை விநியோகஸ்தரை மாற்றினாலும் அதே எண்ணைத்தான் தர வேண்டும்.

ராயல்டி இல்லாத லூப் (யார் வேண்டுமானாலும் வாங்கிப் பயன்படுத்தும் தயார் இசைத் துண்டு) பயன்படுத்திய டிராக்குக்கு, பிறர் வீடியோவில் நம் இசை வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப் கன்டென்ட் ஐடி கேட்காதீர்கள். அதே லூப்பை வாங்கிய இன்னொருவரின் வீடியோ மாட்டிக்கொள்ளும்.

ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத டிராக்குக்குப் பணம் வராது. கலைஞர்கள் ரசிகர்களுக்கு நேரடியாக இசை விற்கும் தளமான பேண்ட்கேம்ப், டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும். ஆக, முதல் வருடம் வருவது சொற்பம்தான். மாஸ்டரிங்குக்கு (வெளியிடும் முன் ஒலியைக் கடைசியாகச் சீர்செய்வது) கைக்காசு போட்டது யார் என்பதையும் அதே தாளில் எழுதி, வரும் பணத்தில் முதலில் அவருக்குத் திருப்பிக் கொடுங்கள்.