பிடித்த பழைய விளையாட்டின் புதிய பாகத்தை வாங்கி ஏமாந்திருக்கிறீர்களா?

பிடித்த விளையாட்டின் புதிய பாகத்தை வாங்கி ஏமாந்த அனுபவம் உண்டா என்று, இன்னும் வாங்காதவர் போலத்தான் எங்களைக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் "எல்லோரும் பாராட்டுகிறார்கள், எனக்கு மட்டும் ஒட்டவில்லை, வயதாகிவிட்டதா?" என்ற கடைசி வரி காட்டிக்கொடுத்துவிட்டது. பணத்தைக் கட்டிவிட்டீர்கள். வயதின் மேல் பழி போடாதீர்கள். 2013இல் எனக்கு இருபத்தெட்டு வயதுதான். அப்போதே நன்றாக ஏமாந்தேன்.

என் கதை சிம்சிட்டி. வெற்று நிலத்தில் சாலை போட்டு, மின்சாரமும் தண்ணீரும் கொடுத்து, வரி வாங்கி ஊரை வளர்க்கும் கணினி விளையாட்டு. வில் ரைட் உருவாக்கி 1989இல் வெளிவந்தது. எனக்குக் கிடைத்தது 2003இல் வந்த சிம்சிட்டி 4. காசு கொடுத்தா வாங்கினாய் என்று யாராவது கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்: இல்லை. காட்பாடி நண்பன் ஒருவன் நகலெடுத்துக் கொடுத்த இரண்டு குறுந்தகடுகள். மேலே மார்க்கர் பேனாவில் "சிட்டி" என்று கிறுக்கியிருப்பான்.

அதில் ஊரைத் தொடங்குமுன் நிலத்தை நம் விருப்பப்படி மேடாக்கலாம், பள்ளமாக்கலாம். நான் வேலூரைக் கட்டினேன். வேறு எந்த ஊரைக் கட்டுவேன்? கிழக்கே மலைகளை எழுப்பினேன். நடுவில் கோட்டைக்காக ஒரு சதுர அகழி. வடக்கே மேற்கிலிருந்து கிழக்காகப் பாலாற்றைத் தோண்டினேன். அந்த விளையாட்டில் குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே தோண்டினால் தண்ணீர் தானாக நிரம்பிவிடும்; தடுக்க வழியில்லை. நிலம் சதுரக் கட்டங்களாகப் பிரிந்திருக்கும், ஒரு கட்டத்துக்கு ஓர் ஊர்; காட்பாடிக்கு அடுத்த கட்டத்தில் இடம் கொடுத்துப் பாலத்தைத் தாண்டிச் சாலையால் இணைத்தேன்.

அப்பா மாலை நடை முடிந்து வந்து, பனியனோடு என் நாற்காலிக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். "இது என்னடா, கால்வாயா?"

"பாலாறுப்பா."

"பாலாற்றில் இவ்வளவு தண்ணீரா?" என்று சிரித்தவர், கண்ணாடியை எடுத்துவந்து உட்கார்ந்துவிட்டார். சின்ன வயதில் மணலில் கையால் ஊற்றுத் தோண்டிக் குடித்த கதையை அன்றைக்குத்தான் முழுதாகச் சொன்னார். இப்படியே பத்து ஆண்டுகள் அந்த ஊரை வளர்த்தேன். இடையில் கணினிதான் இரண்டு முறை மாறியது.

2013 மார்ச்சில் புதிய பாகம் வந்தது. ஐந்து என்ற எண்கூட இல்லாமல் வெறும் சிம்சிட்டி. இந்த முறை அசலையே வாங்கினேன், பழைய பாவத்துக்குப் பரிகாரமாக. சம்பளத்தில் கீறல் விழுந்தது என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

நம் கணினியில், நாம் தனியாக விளையாடுவதற்கே எந்நேரமும் இணைய இணைப்பு வேண்டும் என்றார்கள் விளையாட்டைச் செய்தவர்கள். கட்டிய ஊரும் நம்மிடம் இருக்காது, அவர்களுடைய சர்வரில், அதாவது இணையத்தின் மறுமுனையில் அவர்கள் வைத்திருக்கும் கணினியில் இருக்கும். 2013இல் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு மின்வெட்டைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் ஒரு மணி நேரம் இருந்தால் ஒரு மணி நேரம் இருக்காது. இன்வெர்ட்டரில் கணினி ஓடும், ஆனால் இணைய இணைப்பு போய்விடும். அது போன சிறிது நேரத்தில் விளையாட்டும் நம்மை வெளியே தள்ளிவிடும். மின்சாரம் இருந்த நேரத்திலாவது விளையாடினேனா என்றால், முதல் வாரம் முழுவதும் உலகெங்கும் சர்வர்கள் திணறின. இருபது நிமிடம் காத்திருக்கச் சொல்லும், காத்திருந்தால் மறுபடியும் இருபது நிமிடம். எங்கள் ஊர் ஓட்டல் சர்வராவது இரண்டாம் முறை கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்.

மின்வெட்டுக்கு விளையாட்டைச் செய்தவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் கணக்கீடுகளில் பெரும்பகுதி சர்வரில் நடக்கிறது, இணைப்பில்லாமல் ஓட்ட முடியாது என்று சொன்னவர்களும் அவர்கள்தானே? சில நாட்களிலேயே ஒருவர் இணைப்பில்லாமல் ஓட்டிக் காட்டினார். ஓராண்டு கழித்து, 2014 மார்ச்சில், அவர்களே அந்த வசதியைக் கொடுத்தார்கள். எனக்கு அதற்குள் ஆசை விட்டுப்போயிருந்தது.

இணைப்பு ஒழுங்காக இருந்த இரவுகளிலும் மனம் ஒட்டவில்லை. நகரத்துக்குக் கிடைத்த நிலம் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 2 கிலோமீட்டர். பழையதில் பெரிய கட்டம் 4 கிலோமீட்டர். நிலத்தைத் தோண்டவும் முடியாது, அதனால் அகழியும் இல்லை, பாலாறும் இல்லை. ஒவ்வொரு குடிமகனையும் தனித்தனியாக நடமாடவிட்டோம் என்று பெருமை பேசினார்கள். ஒருவரைப் பின்தொடர்ந்து பார்த்தேன். காலையில் முதலில் கண்ணில் பட்ட வேலைக்குப் போனார். மாலையில் முதலில் கண்ணில் பட்ட காலி வீட்டில் நுழைந்துகொண்டார். மறுநாள் வேறு வேலை, வேறு வீடு. சொந்த வீடு என்பதே இல்லாத ஊர்! அதற்கு மேயராக இருந்து எனக்கென்ன?

ஒன்றை மட்டும் பாராட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பழைய பாகத்தின் பக்தன் என்பீர்கள். புதியதில் நிலத்தடி நீருக்குக் கணக்கு உண்டு. மோட்டார் போட்டு இறைத்துக்கொண்டே இருந்தால் வற்றும். பக்கத்தில் தொழிற்சாலை இருந்தால் கெடும். தோல் தொழிற்சாலைக் கழிவுக்காக 1996இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வாங்கிய மாவட்டத்துக்காரனுக்கு அதைப் பார்த்ததும் பகீரென்றது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது சரியாக இருக்கிறது" என்றார். உட்காரவில்லை, போய்விட்டார்.

பழைய பாகத்திலோ நம்ப முடியாத விஷயம் ஒன்று உண்டு. சிம்சிட்டி 4இல் ஊர் முழுக்கக் குழாய் பதித்தாலும் மேலே சாலை சிதையாது. எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டினார்கள். மூடினார்கள். மூடிய இடத்தையே குடிநீர்க் குழாய்க்கு மறுபடி தோண்டினார்கள். மழைக்காலத்தில் அந்தச் சேற்றில் அப்பா ஸ்கூட்டரோடு விழுந்து, தோள்பட்டையில் கட்டுப்போட்டு ஆறு வாரம் இடக்கையால் சாப்பிட்டார். கேட்டால் அந்த வேலை எங்களுடையதில்லை என்று ஆளுக்கு ஒருவரைக் கை காட்டினார்கள். விளையாட்டில் என்றால் குடிமக்கள் மேயரைத் திட்டி அறிவிப்பாவது வரும். கேள்விக்குச் சம்பந்தமில்லை, தெரியும். எழுத வேறு இடம் கிடைக்கவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். பணம் திரும்பக் கிடைக்கும் கெடு முடியவில்லை என்றால் இன்றே கேளுங்கள். முடிந்துவிட்டது என்றால், பிடிக்க வைக்க வேண்டும் என்று அதனுடன் போராடாதீர்கள். நான் மூன்று மாதம் போராடினேன். வேலூரைப் பற்றி நீரில்லாத ஆறு, அரசனில்லாத கோட்டை, சாமியில்லாத கோயில் என்று சொல்வார்கள். கோட்டைக் கோயிலுக்கு 1981இல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார், ஆனாலும் சொல்வதை நிறுத்தவில்லை. நானும் அப்படித்தான், அந்த விளையாட்டைப் பின்னாளில் சரிசெய்துவிட்டார்கள் என்று யார் சொன்னாலும் கேட்பதாக இல்லை.

2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியது. தரைப்பாலங்கள் மூழ்கின. அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். போலீசார் தூரத்திலேயே நிறுத்திவிட்டார்கள். செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டு போனது தண்ணீர். வெகுநேரம் பார்த்தவர், "நீ கம்ப்யூட்டரில் இன்னும் கொஞ்சம் அகலமாக வெட்டியிருக்கலாம்" என்றார்.

அன்று இரவு பழைய கோப்பைத் திறந்து பார்த்தேன். கரையோரம் முழுக்க வீடு கட்டி வைத்திருக்கிறேன். அகலப்படுத்த இடமில்லை.