பெயர்ப் பலகையில் ‘பல்கலைக்கழகம்’ இருந்தால் கவுன்சலிங்கும் வேறு

கேள்வி: என் மகள் வியாசர்பாடியில் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படிக்கிறாள். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளிதான். எம்.எம்.சி.யில் (சென்னை மருத்துவக் கல்லூரி) டாக்டருக்குப் படிக்க ஆசைப்படுகிறாள். ‘அது வெறும் கல்லூரி, பல்கலைக்கழகத்தில் படித்தால்தான் பட்டத்துக்கு மதிப்பு’ என்கிறார் உறவினர் ஒருவர். உண்மையா? எம்.பி.பி.எஸ். கிடைக்காவிட்டால் அங்கே வேறு என்ன படிக்கலாம்?

பதில்: உறவினர் சொன்னதை விட்டுவிடுங்கள். எம்.எம்.சி. பல்கலைக்கழகம் இல்லைதான், ஆனால் சென்னையில் எந்தப் பல்கலைக்கழகமும் வருவதற்கு முன்பே வந்தது அது. 1835இல் ஒரு மருத்துவப் பள்ளியாகத் தொடங்கி, 1850இல் கல்லூரியானது. சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்ததே 1857இல். பிறகு நெடுங்காலம் அதன் பெயரில் பட்டம் வழங்கப்பட்டது. இப்போது கிண்டியில் உள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் வழங்குகிறது. ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கும் அதே பல்கலைக்கழகம்தான். 1912இல் முத்துலட்சுமி ரெட்டி படித்து வெளியே வந்த கல்லூரி இது. மதிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம்.

உறவினர் மனதில் இருப்பது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக இருக்கும். போரூர் ராமச்சந்திரா அப்படிப்பட்டது. 1985இல் கல்லூரியாகத் தொடங்கி, 1994இல் அந்தத் தகுதி பெற்றது. இப்படிப்பட்ட இடங்கள் தங்கள் பட்டத்தைத் தாங்களே தருகின்றன. படிப்பு மட்டம் என்று சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் வீட்டுக்கு முக்கியமான வேறுபாடு சேர்க்கையில் இருக்கிறது. நிகர்நிலை இடங்கள் எல்லாம் டெல்லியில் உள்ள எம்.சி.சி. (மத்திய அரசின் மருத்துவக் கவுன்சலிங் குழு) நடத்தும் கவுன்சலிங்கில் போகும். தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீடோ, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதமோ அங்கே கிடையாது. கட்டணமோ ஆண்டுக்குப் பல லட்சம்.

2020இல் வந்த அந்த 7.5 சதவீதம்தான் உங்கள் மகளின் பெரிய பலம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு அது உண்டு. போட்டி அந்தப் பட்டியலுக்குள்ளேயே நடப்பதால், பொதுப் பட்டியலை விடக் குறைந்த நீட் மதிப்பெண்ணிலும் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தாலும், இந்தப் பிரிவு என்றால் கட்டணத்தை அரசே கட்டிவிடும். ஆகவே மாநிலக் கவுன்சலிங்குக்குக் கட்டாயம் விண்ணப்பியுங்கள். எம்.சி.சி.யிலும் பதிந்துவையுங்கள், அரசுக் கல்லூரிகளின் 15 சதவீத இடங்கள் அந்த வழியாகத்தான் நிரம்புகின்றன. எம்.எம்.சி. ஒன்றுதான் என்று பிடிவாதம் மட்டும் வேண்டாம். அங்கே 250 இடங்கள் இருந்தாலும் தரவரிசையில் முன்னால் நிற்பவர்கள் முதலில் எடுப்பது அதைத்தான்.

கிடைத்துவிட்டால் நான்கரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டுப் பயிற்சி. பாடம் சென்ட்ரல் எதிரே உள்ள ஜி.எச்.சோடு முடியாது. பிரசவம், கண், குழந்தை நலம் மூன்றுக்கும் எழும்பூருக்கு ஓடவேண்டும், மனநலத்துக்குக் கீழ்ப்பாக்கம். எழும்பூர் கண் மருத்துவமனை 1819இல் தொடங்கியது, கல்லூரியை விட மூத்தது! இந்த அலைச்சலில் பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கைதான் அந்தக் கல்லூரியின் உண்மையான சொத்து என்பது என் கருத்து.

எம்.பி.பி.எஸ். இல்லையென்றால் அதே வளாகத்தில் பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம். இருக்கின்றன. ரேடியாலஜி மாதிரியான துணை மருத்துவப் படிப்புகளும் உண்டு. இவற்றுக்குப் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு, நீட் வேண்டியதில்லை. ஆனால் விண்ணப்பம் தனி. எம்.பி.பி.எஸ். முடிவு வரட்டும் என்று காத்திருந்தால் தேதி போய்விடும்.

அப்புறம், நாளைக்கே பள்ளிக்குப் போய், ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழைப் பற்றித் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் பழைய பள்ளிக்கும் ஒரு நடை போகவேண்டியிருக்கும்.