வாட்ஸ்அப் சொல்லாத பாதி

கேள்வி: பதினொரு வயதில் பள்ளியை விட்ட நெசவாளி மகன் அலெக்சாண்டர் பெயின், பின்னாளில் உளவியல் மேதையாகி ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத்துக்கே தலைவரானாராம். வாட்ஸ்அப்பில் படித்தேன். உழைத்தால் யாரும் உயரலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? (ஒரு வாசகர், சேலம்)

பதில்: வேண்டும். உங்களுக்கு வந்தது பாதிக் கதை.

அப்பா கைத்தறி நெசவாளி, பையனும் தறியில் உட்கார்ந்தான். அதெல்லாம் சரி. ஆனால் அவர்கள் இருந்த அபர்டீனில் தொழிலாளர்களுக்கு மாலை வகுப்பு நடந்தது, நூலகம் இருந்தது. பகலெல்லாம் தறி ஓட்டியவனுக்கு ராத்திரி போய் உட்கார ஓர் இடம் கிடைத்தது. 1836-இல், 18 வயதில், மார்ஷல் கல்லூரியில் சேர்ந்தார். 1840-இல் உயர்ந்த தேர்ச்சியோடு பட்டம்.

அப்புறம்தான் ஃபார்வர்டு செய்பவர்கள் விட்டுவிடும் பகுதி. உடம்பு சரியில்லாத ஒரு பேராசிரியருக்குப் பதிலாக மூன்று ஆண்டு வகுப்பெடுத்தார். பதவி மட்டும் வரவில்லை. மத நம்பிக்கை போதாதவர் என்று பேர். கிளாஸ்கோவில் கிடைத்த ஒரு வேலை ஓராண்டோடு சரி. லண்டனுக்குப் போய், சாக்கடை, குடிநீர் விவகாரங்களைப் பார்த்த சுகாதார வாரியத்தில் வேலை செய்தார். இதில் எந்த இடத்தில் அவர் உழைப்பில் குறை?

1855-இல் 'புலன்களும் அறிவும்' என்ற அவருடைய புத்தகம் வந்தது. மனதைப் பற்றி எழுத இவர் ஆட்டுக்குட்டியைப் பார்க்கப் போனார்! பிறந்த குட்டி எழுந்து நின்று கண்டபடி கால் வைக்கிறது. தற்செயலாகத் தாயின் மேல் உரசுகிறது, விலகுகிறது, மறுபடி உரசுகிறது. தட்டுத்தடுமாறித்தான் காம்பு வாயில் அகப்படுகிறது. ஒருமுறை ருசி கண்டபின் தேடல் சுருங்கிவிடுகிறது. 'செய்து பார்த்துத் தவறித் திருந்துதல்' என்று இன்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோமே, அதன் தொடக்கம் இந்த மாதிரிக் கவனிப்புகளில் இருக்கிறது.

1860-இல், நாற்பதைத் தாண்டிய பிறகு, அபர்டீனில் தர்க்கத்துக்கும் ஆங்கிலத்துக்கும் பேராசிரியரானார். நியமித்தது அரசு, உள்ளூர் ஆட்கள் கையில் விட்டிருந்தால் அப்போதும் சந்தேகம்தான். சரியான பாடநூல் இல்லையென்று இலக்கணம் முதல் தர்க்கம் வரை அவரே எழுதிக்கொண்டார்.

'தலைவர்' என்பதும் கொஞ்சம் பிசகு. அன்றாட நிர்வாகம் பிரின்சிபல் கையில். பெயின் வகித்தது ரெக்டர் பதவி. ஆட்சிக்குழுவுக்குத் தலைமை தாங்குகிற அந்த நாற்காலிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் மாணவர்கள். 1880-இல் ஓய்வு பெற்று வீட்டிலிருந்தவரை 1881-இலும் 1884-இலும் அவர்கள்தான் உட்காரவைத்தார்கள்.

எனக்கு அவரைப் பிடிப்பதற்கு வேறு காரணம். 1876-இல் 'மைண்ட்' என்ற உளவியல், தத்துவக் காலாண்டிதழைத் தொடங்கினார். பழைய மாணவர் ஜார்ஜ் க்ரூம் ராபர்ட்சனை ஆசிரியராக்கிவிட்டு, செலவைச் சுமார் 15 ஆண்டு தன் பையிலிருந்து கொடுத்தார். இதழ் இன்றும் வருகிறது. அப்படியொரு முதலாளி உங்கள் பக்கம் தென்பட்டால், அதை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்.