மோட்டார்ஹோமின் (வீடுபோல் தங்கிப் பயணிக்கும் வண்டி) பின்னால் இழுத்துச் செல்லும் காருக்கு, காந்தத்தால் ஒட்டி வைக்கும் வயர்லெஸ் பேட்டரி விளக்கு போதுமா, மோட்டார்ஹோமிலிருந்து காரின் பின் விளக்கு வரை வயரிங் செய்தே ஆக வேண்டுமா?

வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை, பகலில், பக்கத்து ஊர் வரைக்கும் என்றால் போதும். அடிக்கடி கிளம்புகிறவர் என்றால் வயரிங் செய்துவிடுங்கள். இரண்டு வருடம் காந்த விளக்கை வைத்து ஓட்டிவிட்டு வயரிங்குக்கு மாறியவன் நான்.

எங்களுடையது 30 அடி மோட்டார்ஹோம். பின்னால் டோ பாரில் (காரை இழுக்கும் இணைப்புக் கம்பி) 2012 ஹோண்டா சிஆர்-வி கார், நான்கு சக்கரமும் தரையில் உருண்டு வரும். டெக்சஸில் சான் அன்டோனியோவிலிருந்து பிக் பெண்ட் தேசியப் பூங்கா பக்கம் போவோம். ஐ-10 நெடுஞ்சாலையில் மேற்கே போகப் போக வேக வரம்பு 80 மைல். நான் 62-க்கு மேல் போக மாட்டேன். மோட்டார்ஹோமின் விளக்குகளைப் பாதி கார் மறைத்துவிடும். இருட்டில் பின்னால் வரும் லாரிக்காரருக்குக் காரின் பின்புறம் இருக்கும் இரண்டு சிவப்பு விளக்குதான் கணக்கு.

ஒரு நவம்பர் மாலை, ஓசோனா ஊரைத் தாண்டி நன்றாக இருட்டிவிட்டது. பின்னால் வந்த லாரி ஹெட்லைட்டை அணைத்து அணைத்துப் போட்டது. அடுத்த எக்சிட்டில் இறங்கி நிறுத்தினேன். மனைவி டார்ச்சோடு பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, "இடது பக்கம் எரியலைங்க" என்றாள். விளக்கு விழவில்லை, வைத்த இடத்திலேயே இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தது. பேட்டரிதான் தீர்ந்திருந்தது. முந்தைய இரவு சார்ஜில் போட்டபோது அந்தப் பக்கத்து விளக்கின் சார்ஜர் பிளக் சரியாக உட்காரவில்லை. எத்தனை மைல் அப்படியே வந்தோம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதுதான் என்னைக் கலக்கியது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் காரின் பின்பக்கம் எந்தக் கண்ணாடியிலும் தெரியாது.

காந்த விளக்கே வாங்குவது என்றால், முதலில் ஃப்ரிட்ஜில் ஒட்டும் சின்னக் காந்தம் ஒன்றை எடுத்துப்போய்க் காரில் வைத்துப் பாருங்கள். பம்பர் பிளாஸ்டிக், அதில் ஒட்டாது. 2015 மாடலிலிருந்து ஃபோர்டு எஃப்-150 பிக்கப்பின் பாடி அலுமினியம், அதிலும் ஒட்டாது. 2018-ல் வந்த புது ஜீப் ராங்லரின் பின்கதவிலும் ஒட்டாது. எங்கள் காரின் டிக்கிக் கதவு இரும்பு, அதனால் தப்பித்தோம்.

ஒட்டும் இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு வையுங்கள். மேற்கு டெக்சஸ் தூசி ஒரு சிட்டிகை அடியில் மாட்டினாலும், சாலை அதிர்வில் காந்தம் பெயின்ட்டை வட்டமாகத் தேய்த்துவிடும். எங்கள் காரில் அந்த இரண்டு வட்டமும் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொரு விளக்கையும் மெல்லிய கயிற்றால் வைப்பர் கையிலோ டிக்கிக் கொக்கியிலோ கட்டுங்கள். இடது, வலது என்று டேப்பில் எழுதி ஒட்டுங்கள். மாற்றி வைத்தால் இன்டிகேட்டர் எதிர்ப்பக்கம் காட்டும், எரியாமல் போவதைவிட அது ஆபத்து. பெட்ரோல் போட நிற்கும்போதெல்லாம் ஒருவர் பின்னால் நின்று பார்க்க வேண்டும்.

வயரிங் பயந்த அளவுக்குப் பெரிய வேலை இல்லை. காரின் பின் விளக்குக் கூட்டுக்குள் தனியாக ஒரு பல்பும் ஹோல்டரும் வைத்தோம், காரின் சொந்த வயர் எதையும் தொடவில்லை. காருக்கு அடியில் நாலு வயர்: பழுப்பு பின் விளக்குக்கு, மஞ்சள் இடது பக்க பிரேக், இன்டிகேட்டருக்கு, பச்சை வலது பக்கத்துக்கு, வெள்ளை எர்த். ஒரு சனிக்கிழமை முழுதாகப் போயிற்று. உங்கள் காரின் கூட்டுக்குள் இடம் இல்லை என்றால் டையோடு என்ற சின்ன மின் பாகத்தை வைத்துக் காரின் வயரிலேயே இணைக்கலாம். மோட்டார்ஹோமின் மின்சாரம் காரின் எலக்ட்ரானிக்ஸுக்குள் திரும்பிப் போகாமல் டையோடு தடுக்கும்.

விளக்கு சரியாகிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். இழுபடும் காருக்குத் தனி பிரேக் வேண்டும், பல மாநிலங்களில் குறிப்பிட்ட எடைக்கு மேல் அது சட்டம்.

காந்த விளக்குகளை நான் தூக்கிப் போடவில்லை. சார்ஜ் போட்டு டூல் பாக்ஸில் வைத்திருக்கிறேன். வழியில் பல்பு போனால் அன்றைய இரவுக்கு அவை போதும்.