சுவிஸ் கிராமமொன்றில் போய்க் குடியேறினால் ஒரு குடும்பத்துக்கு 70,000 பிராங்க் தருகிறார்களாமே, உண்மையா?

உண்மைதான், ஆனால் உங்களுக்கு இல்லை. ஊரில் இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பிக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கோபிக்காதீர்கள். 2017இல் இருந்து இதே செய்தியை எனக்கு எத்தனை பேர் அனுப்பிவிட்டார்கள் என்ற கணக்கே விட்டுப்போயிற்று. போன மாதம்கூட என் பெறாமகன், "சித்தப்பா, உங்களுக்குப் பக்கத்து ஊர்தானே, ஒருக்கால் விசாரியுங்கோ" என்றான்.

பக்கத்து ஊர்தான். பெயர் அல்பினென், வாலிஸ் மாநிலம். ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் லொய்க் ஸ்டேஷனில் இறங்கி, பஸ்ஸில் வளைந்து வளைந்து ஏறினால் ஏறக்குறைய 1,300 மீட்டர் உயரத்தில் சரிவோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். அறிவிப்பு வந்தபோது அங்கே சனத்தொகை 240 அளவில்தான். பிள்ளைகள் குறைந்து ஊர்ப் பள்ளிக்கூடத்தையும் மூடியாயிற்று. அதனால்தான் 2017 நவம்பரில் ஊர்க்காரர் கூடி வாக்களித்தார்கள்: பெரியவருக்கு 25,000 பிராங்க், பிள்ளைக்கு 10,000. தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகள் என்றால் 70,000.

வாட்ஸ்அப்பில் வராத பகுதி இதுதான். வயது 45க்குள் இருக்கவேண்டும். சுவிஸ் குடியுரிமையோ, சி பெர்மிட் என்கிற நிரந்தர வதிவிட அனுமதியோ வேண்டும். அங்கே குறைந்தது 2 லட்சம் பிராங்க் போட்டு வீடு வாங்கவோ கட்டவோ திருத்தவோ வேண்டும். பத்து வருடத்துக்கு முன் வெளியேறினால் காசைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். நம்மைப் போன்றவர்களுக்கு சி பெர்மிட் கையில் வரவே பல வருடம் ஆகும்.

நான் அல்பினெனுக்குப் பக்கத்தில், வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன லொய்க்கர்பாடில், ஒரு ஹோட்டல் சமையலறையில் ஒன்பது வருடம் நின்றவன். முன்னொரு காலத்தில் அல்பினென்காரர் லொய்க்கர்பாடுக்குப் போய்வர, செங்குத்துப் பாறையில் எட்டு மர ஏணிகளைச் சாத்தி வைத்திருந்தார்கள். சாமான் சுமந்துகொண்டு அதில்தான் ஏறி இறங்குவார்களாம். ஏணிகள் இன்றும் இருக்கின்றன. ஒரு லீவு நாளில் நானும் போனேன். இரண்டாவது ஏணியிலேயே முழங்கால் ஆடத் தொடங்கிவிட்டது. பேசாமல் திரும்பி வந்து, இன்னொரு நாள் பஸ்ஸில் போனேன். வெயிலில் கருகிக் கறுத்த மரவீடுகள். எலி ஏறாமல் இருக்க, தட்டைக்கல் மேல் தூக்கி நிறுத்திய களஞ்சியங்கள். தெருவில் நான் கண்டது ஒரு பாட்டியையும் ஒரு பூனையையும். பாட்டி ஏதோ கேட்டார். பள்ளியில் படித்த டொச், அதாவது ஜெர்மன், ஒரு சொல்லுக்கும் உதவவில்லை, அவர் பேசியது வாலிஸ் டொச், அந்த மாநிலத்துப் பேச்சுவழக்கு. (நாலு வருடத்தில் பழகலாம் என்று யாராவது கீழே எழுதுவீர்கள். சமையலறையில் போர்த்துக்கீசருடன் நின்று பாருங்கள், பிறகு பேசுவோம்.)

அந்த ஊரை நான் குறை சொல்லவில்லை. என் வயிற்றெரிச்சல் வேறு. நான் இருக்கும் ஊரின் பெயர் வேண்டாம், அதுவும் சின்னஞ்சிறு ஊர்தான். சுவிஸ் பாஸ்போர்ட் கேட்டால் முதலில் கெமைண்டே என்கிற ஊராட்சிதான் கூப்பிட்டு விசாரிக்கும். ஊரின் உயரம், சனத்தொகை, எந்த ஆறு, எல்லைக்கு அப்பால் எந்தெந்த ஊர் என்று எல்லாம் பாடமாக்கிக்கொண்டு போனேன். அதில் ஒன்றுகூடக் கேட்கவில்லை. உருக்கிய சீஸைச் சுரண்டிப் போட்டுச் சாப்பிடும் ராக்லெட் எந்த மாநிலத்துச் சாப்பாடு என்று கேட்டார்கள். ஒன்பது வருடமாக இரவிரவாக வெள்ளைக்காரத் தட்டுகளில் ராக்லெட் சீஸைச் சுரண்டிப் போட்டவனிடம்!

சரி, அதற்குப் பதில் சொல்லிவிட்டேன். அப்புறம், ஊரில் எந்தச் சங்கத்தில் இருக்கிறீர்கள் என்றார்கள். பாண்டு வாத்தியக் குழு ஒத்திகை வியாழன் இரவு எட்டு மணிக்கு. அந்நேரம் நான் சீஸ் சுரண்டிக்கொண்டிருப்பேன் என்றேன். எழுதிக்கொண்டார்கள். ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது: ஊரோடு இன்னும் கொஞ்சம் கலந்து பழகிவிட்டு மறுபடி விண்ணப்பியுங்கள். கட்டிய காசு திரும்பவில்லை.