பக்கற் சிறுத்தால் பழைய கேக் கணக்கு என்னாகும்?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் வீட்டில் கேக்கும் இனிப்பும் செய்பவர்கள், கடைப் பொதிகளின் நிறை குறைந்துவருவதால் தங்கள் குடும்பக் குறிப்புகளில் ஏற்படும் சிக்கல்களைப் பற்றிக் கேட்ட கேள்விகளுக்கு, மனைப்பொருளியல் கற்பித்து ஓய்வுபெற்ற கல்லடி ஆசிரியை ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி (ஆரையம்பதி): வணக்கம் ரீச்சர். அம்மம்மாவின் கொப்பியில் பட்டர் கேக்குக்கு "பட்டர் 2 பக்கற், சீனி 1 இறாத்தல், கோதுமை மா 1 இறாத்தல், முட்டை 10" என்று இருக்கிறது. அதன்படியே செய்தும் கேக் வறண்டுபோகிறது, மேற்பகுதியும் வெடிக்கிறது. ஓவனில் ஏதும் பிழையா?

பதில்: ஓவனைக் குறை சொல்வதற்கு முன் பட்டர் உறையைத் திருப்பிப் பாருங்கள், மகள். அம்மம்மா எழுதிய காலத்துப் பக்கற் அரை இறாத்தல், அதாவது 227 கிராம். இரண்டு சேர்ந்தால் 454 கிராம், சரியாக ஓர் இறாத்தல். இன்று உங்கள் கையில் இருப்பது 200 கிராம் பக்கற்றாக இருந்தால், இரண்டும் சேர்ந்து 400 கிராம்தான். சீனியும் மாவும் முட்டையும் பழைய அளவிலேயே நிற்க, பட்டர் மட்டும் 54 கிராம், ஏறத்தாழ 12 வீதம் குறைந்துவிடுகிறது. பட்டரையும் சீனியையும் சேர்த்து அடிக்கும்போது காற்றைப் பிடித்துவைப்பதும், மாவிலுள்ள புரதம் இழுபட்டு இறுகாமல் தடுப்பதும் அந்தக் கொழுப்புத்தான் என்பதால், அது குறைந்தால் கேக் இறுகும், விரைவில் உலரும்.

அம்மம்மாவின் பக்கற் எத்தனை கிராம் என்று யாரிடமும் விசாரிக்கத் தேவையில்லை. குறிப்பே அதைச் சொல்கிறது. பட்டர், சீனி, மா மூன்றும் சம நிறை என்பதே நம்மவர் பட்டர் கேக்கின் அடிப்படை. சீனியும் மாவும் ஓர் இறாத்தல் என்றால் இரண்டு பக்கற் பட்டரும் ஓர் இறாத்தலாகத்தான் இருந்திருக்க வேண்டும். பழைய குறிப்பு எதைக் கையில் எடுத்தாலும் முதலில் நிறையில் எழுதப்பட்ட பொருளைத் தேடுங்கள். பக்கற்றில் எழுதப்பட்டதை அதிலிருந்து கணக்கிட்டுவிடலாம்.

கேள்வி (அவரே): அந்த 54 கிராமுக்காக மூன்றாவது பக்கற் வாங்க வேண்டுமா? இன்றைய விலையில் மனம் வரவில்லை.

பதில்: வேண்டியதில்லை. மற்றவற்றைக் குறையுங்கள்: பட்டர், சீனி, மா ஒவ்வொன்றும் 400 கிராம், முட்டை 9. ஒரே பக்கற்றில் பாதிக் கேக் செய்வதென்றால் மூன்றும் 200 கிராம். முட்டைக்கணக்கு நாலரைக்குச் சற்றுக் குறைவாக வரும். ஐந்து முட்டைகளை உடைத்து, நன்றாகக் கலக்கி, கிண்ணத்தைத் தராசில் வைத்து 220 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சியதைக் காலையில் பொரித்துவிடலாம். 400 கிராம் கணக்கில் செய்யும்போது பேக்கிங் பவுடரையும் எட்டில் ஒரு பங்கு குறையுங்கள். தட்டு அதே பழைய தட்டு என்றால் கேக் சற்றுத் தட்டையாக வரும் என்பதால், வழமையான நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே ஈர்க்கால் குத்திப் பாருங்கள்.

கேள்வி (காத்தான்குடி): அஸ்ஸலாமு அலைக்கும் ரீச்சர். எங்கள் மூத்தம்மா பால் டொபிக்கு "ரின்பால் (இனிப்பூட்டிய கெட்டிப்பால்) ஒரு பேணி, சீனி அதே பேணியால் ஒன்றரை" என்பார். இப்போது பேணியும் சிறுத்துவிட்டதே, என்ன செய்வது?

பதில்: வஅலைக்கும் ஸலாம். மூத்தம்மாவின் கணக்கு மற்ற எல்லாக் குறிப்புகளையும் விடப் பாதுகாப்பானது. பாலையும் சீனியையும் ஒரே பேணியால் அளப்பதால், பேணி சிறுத்தால் இரண்டும் சேர்ந்தே சிறுக்கும். துண்டுகளின் எண்ணிக்கை குறையுமே தவிர டொபியின் பதம் கெடாது. பழைய பேணியைச் சீனி அளக்கவென்று அடுக்களையில் வைத்துக்கொண்டு, பாலை மட்டும் புதிய பேணியிலிருந்து ஊற்றுபவர்களுக்குத்தான் பதம் தவறும். அப்படி ஒரு பேணி இல்லாத வீடு நம் பக்கத்தில் குறைவு. அரிசிச் சுண்டுக்குப் பதிலாகவும் அதுதானே நிற்கிறது!

கிராமில் எழுத விரும்பினால் இதைக் கவனியுங்கள். 397 கிராம் என்று அச்சிட்ட பேணி 397 மில்லிலீற்றர் கொள்ளாது. ரின்பால் தண்ணீரை விடக் கனமானது என்பதால் அந்தப் பேணியின் கொள்ளளவு சுமார் 300 மில்லிலீற்றர்தான். அதே பேணியில் சீனி ஏறத்தாழ 250 கிராமும், அரித்த கோதுமை மா ஏறத்தாழ 160 கிராமும் பிடிக்கும். பேணியில் எழுதப்பட்ட வேறு குறிப்புகளையும் இந்தக் கணக்கால் மாற்றிக்கொள்ளலாம். நிறை மட்டுமன்றி, உள்ளடக்கப் பட்டியலையும் வாசியுங்கள்: பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்த்த வகைகளும் அதே தோற்றத்துடன் அதே தட்டில் இருக்கின்றன, அவற்றில் பழைய மணம் வராது.

கேள்வி (கல்முனை): ஓடருக்குக் கேக் செய்கிறேன் அக்கா. பட்டருக்குப் பதிலாக மாஜரின் போடும்போது நிறையைச் சரியாக நிறுத்தாலும் சில நேரம் கேக் அமுங்கிவிடுகிறது.

பதில்: நிறை சரி, கொழுப்பு சரியில்லை. பட்டரிலும் முறையான மாஜரினிலும் குறைந்தது 80 வீதம் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது சர்வதேச உணவு நியமம். அதைவிடக் குறைந்தவை பாணில் பூசுவதற்கான கொழுப்புப் பூச்சு வகைகள். அவற்றில் மிகுதி பெரும்பாலும் தண்ணீர். 60 வீத வகையில் 454 கிராம் போட்டால், 80 வீத வகையில் 340 கிராம் போட்டதற்குச் சமமான கொழுப்புத்தான் கிடைக்கும், கலவையில் தண்ணீரும் கூடிவிடும். பொதி சிறுப்பதை உறையில் பார்த்துவிடலாம். உள்ளே இருப்பது மாறுவதுதான் ஓடர் எடுப்பவருக்குப் பெரிய தலையிடி.

கேள்வி (டச்பார்): அமெரிக்காவிலிருந்து சித்தி அனுப்பிய குறிப்பில் "கேக் மிக்ஸ் ஒரு பெட்டி" என்று இருக்கிறது. அவர் அனுப்பிய பெட்டியில் 432 கிராம் என்று போட்டிருக்கிறது. இது சரியா?

பதில்: குறிப்பு பழையது என்றால் சரியல்ல. அங்கே நீண்டகாலம் பெட்டி 18.25 அவுன்ஸ், அதாவது 517 கிராமாக இருந்தது, பிறகு 15.25 அவுன்ஸ், 432 கிராமாகச் சுருங்கியது. இப்போது சில வகைகள் 13.25 அவுன்ஸுக்கே வந்துவிட்டன. உங்களுக்குக் குறைவது 85 கிராம். அதை வெறும் மாவால் நிரப்ப வேண்டாம், ஏனெனில் மிக்ஸில் ஏறத்தாழப் பாதி சீனி. மாவும் சீனியும் பாதிக்குப் பாதியாகக் கலந்து, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் சேருங்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று): பிஸ்கட் புடிங்குக்கு "மேரி பிஸ்கட் 2 பக்கற்" என்றால் எத்தனை?

பதில்: உங்கள் கோப்பையில் ஓர் அடுக்குக்கு எத்தனை பிடிக்கிறதோ, அதை அடுக்குகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். இங்கே பக்கற் கணக்கே தேவையில்லை.

கேள்வி (வாழைச்சேனை): "ஒரு போத்தல் பால்" என்றால் இன்றைய ஒரு லீற்றரா?

பதில்: இல்லை, 750 மில்லிலீற்றர்.

கேள்வி (திருக்கோவில்): விலையை விட்டு நிறையைக் குறைப்பது சட்டத்துக்கு உட்பட்டதா ரீச்சர்?

பதில்: உறையில் அச்சிட்ட நிறை உள்ளே இல்லாவிட்டால் அது ஏமாற்று, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம். அச்சிட்டே குறைத்தால், வாசிக்கும் வேலை நம்முடையது. பாணுக்கு அந்தச் சபை 2024 இல் இறாத்தல் 450 கிராம், அரை இறாத்தல் 225 கிராம் என வர்த்தமானியில் நிறையை வரையறுத்தது. பிரான்சில் 2024 ஜூலை 1 முதல், நிறை குறைந்த பொருளுக்கு அருகில் பெரிய கடைகள் அறிவித்தல் வைக்க வேண்டும். நம் நாட்டில் 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது; அப்படியான காலத்தில் விலை ஏறினால் எல்லோரும் கூச்சலிடுவோம், 27 கிராம் குறைந்தால் கேக் வெடிக்கும்வரை தெரியாது. விற்பவருக்கும் அது தெரியும்.

கேள்வி (மட்டக்களப்பு நகர்): நத்தார் ரிச் கேக்கில் பிளம்ஸ், சுல்தானா, கஜு, பூசணித் தோசி எல்லாம் "ஒரு பக்கற்" என்றே அம்மா எழுதியிருக்கிறார். நிறையில் ஒன்றும் இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ரிச் கேக் இதில் தாராளமானது. பழத்தில் 50 கிராம் கூடினாலும் குறைந்தாலும் கேக் கெடாது. நீங்கள் விரும்பும் பழத்தைக் கூட்டிக்கொள்ளலாம். பட்டர், ரவை, சீனி, முட்டை ஆகிய நான்கின் விகிதத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அம்மாவின் குறிப்பில் முட்டை எண்ணிக்கையில்தானே இருக்கும்? அதை அதே வகைக் கேக்குக்கு நிறையில் எழுதப்பட்ட வேறொரு குடும்பக் குறிப்புடன் ஒப்பிட்டால் பட்டரும் ரவையும் பிடிபட்டுவிடும். பழங்களைப் பிராண்டியில் ஊறவைப்பதற்கு முன்பே நிறுத்து, அந்த எண்களை அம்மாவின் கொப்பியிலேயே, அவர் எழுதியதை அழிக்காமல், பக்கத்தில் பென்சிலால் குறித்துவிடுங்கள்; ஊறிய பிறகு நிறுத்தால் பிராண்டியின் நிறையும் சேர்ந்துவிடும்.